துளுக்காத சேவல்

நாமக்கல் பக்கம் ஒரு பாறைக் கரட்டடியில் பாவாயி என்று ஒரு பெண் இருந்தாள். வயது நாற்பத்திரண்டு. காவி கட்டவில்லை, சடை வளர்க்கவில்லை, திருநீறுகூட நினைப்பு வந்த நாளில்தான் பூசுவாள். அவளைச் சுற்றி அறுபது எழுபது கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் ஆட்கள் தேடி வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், பதில் கிடைத்தும் கிடைக்காமலும் திரும்பிப் போனார்கள். அவளுக்குக் கோழியம்மா என்று பேரும் வைத்தார்கள். சாமியார் என்றால் மான்தோல் இருக்கும், மயிலிறகு இருக்கும், கோழிப்பீயா இருக்கும் என்று கேலி பேசியவர்களும் உண்டு. அவர்களும் தங்களுக்கென்று ஒரு கஷ்டம் வந்த நாளில் வந்தார்கள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு கோழிப்பண்ணையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். கூண்டில் அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால், குஞ்சிலேயே அலகு நுனியைச் சுடுதகட்டில் வைத்துத் தீய்த்துவிடுவார்கள். நாள் பூராவும் அவளுக்கு அந்த வேலைதான். ஒரு நாள் மத்தியானம் எழுந்தாள், கையைக் கழுவினாள், வெளியே வந்துவிட்டாள். ஏன் என்று யாராவது கேட்டால், "கை நின்னுபோச்சு" என்பாள்.

அவளிடம் அங்கமுத்துப் பூசாரி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. முனியப்பன் கோயிலில் முப்பத்தொரு வருடமாகக் கொடுவாள் பிடித்துப் பலிக்கு வெட்டுப் போடுகிறவர். அப்பன் பாட்டன் வழியில் வந்த உரிமை அது. கோயில் திருவிழாவான ஊர் நோம்பிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. நோம்பி வேலையில் பூசாரிக்குக் கால் தரிக்காத நேரத்தில் இவர் கரட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

கேட்பதற்கு அவருக்கு ஒரு நாழிகை பிடித்தது. அவர் சொன்னதின் சாரம் இதுதான்.

கோயிலில் சேவலை வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுக்கி உதறினால் உத்தரவாகிவிட்டது, வெட்டலாம். அதற்குத் துளுக்குக் கொடுப்பது என்று பேர். துளுக்கவில்லையென்றால் வெட்டக் கூடாது. ஊர் அதோடு விட்டுவிடாது. சேவலை நேர்ந்துவிட்டவர் வீட்டில் என்னமோ குற்றம் இருக்கிறது, அதனால்தான் சாமி ஏற்கவில்லை என்று பேச ஆரம்பித்துவிடும்.

போன வருடம் மருதாயி என்கிற கைம்பெண் ஒரு செஞ்சேவலைக் கொண்டுவந்தாள். அவள் மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது. அங்கமுத்து தண்ணீர் தெளித்தார். சேவல் நின்றது. ஒரு செம்பு தீர்ந்தது, இரண்டு செம்பு தீர்ந்தது, நின்றதே தவிர ஒரு இறகு அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. என்ன காரியம் பண்ணினாளோ என்று ஒரு குரல் கேட்டது. மருதாயி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"குனிஞ்சு பாக்கற மாதிரி பாத்தேன் அம்மணி. றெக்கைக்கடியில கட்டைவெரல் நகத்தால ஒரு கிள்ளு கிள்ளுனேன். ஒடனே துளுக்கிருச்சு. கொலவை போட்டாங்க. வெட்டிட்டேன். கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது. மருதாயி அழுதுட்டே என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அன்னையில இருந்து தின்ன சோறு செரிக்க மாட்டேங்குது. நான் பண்ணுனது பொய்யா, புண்ணியமா? இந்த வருசம் மகளுக்குக் கண்ணாலம் கூடிருச்சுன்னு மறுபடியும் ஒரு சேவலு நேந்து உட்டிருக்கறா. அதுவும் நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்றது?"

பாவாயி வெயிலைப் பார்த்தாள்.

"தீனி வெக்கற நேரமாச்சு. உள்ள கம்பு இருக்குது, எடுத்துட்டு வாங்க" என்றாள்.

முப்பத்தொரு வருடம் ஊரே கும்பிட்ட ஆளைத் தீனி எடுக்க அனுப்புகிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு முறத்தில் அள்ளி எடுத்து வந்தார்.

"கூப்புடுங்க."

"பா... பா... பா..."

நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தன. நொண்டிக் கோழி ஒன்று எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு விடைக்கோழி எகிறி அவர் முழங்கையில் உட்கார்ந்தது. அங்கமுத்துவின் முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தீங்களா அம்மணி, மொத நாளே எங்கிட்ட எப்படி வருதுன்னு!"

"முறத்தை அந்தப் பாறை மேல வெச்சுட்டு, தள்ளி நின்னு கூப்புடுங்க."

வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டார். தொண்டை வறளும்வரை கூப்பிட்டார். முழங்கையில் இருந்த விடைக்கோழியும் கீழே குதித்து முறத்தைப் பார்த்து ஓடியது.

"மொத மொத காட்டை அழிச்சு வெதச்சானே ஒருத்தன், அவனும் இப்படித்தான் நெனச்சான்" என்றாள் பாவாயி. "கதிர் அறுத்த எடத்துல சிந்துனதைப் பொறுக்க மூங்கக் காட்டுல இருந்து காட்டுக்கோழி வந்துச்சு. எங்கிட்ட வந்துச்சுன்னு பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொன்னான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்கறோம்."

அங்கமுத்து அன்றைக்கு ஊருக்குத் திரும்பவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற எரிச்சல் ஒரு பக்கம், பதில் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவளுடைய ஓலைச் சாளையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்.

விடிகிற நேரத்துக்கு ஒரு சேவல் அவர் காதோரம் நின்று கூவிற்று. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஆயிரந்தான் சொல்லுங்க அம்மணி, இது ஒண்ணு நமக்குன்னு பண்ணுதுல்ல. கடியாரம் இல்லாத காலத்துல இருந்து மனுசனை எழுப்பி வேலைக்கு அனுப்பறது இதுதான்."

"அது கரட்டுக்கு அந்தப் பக்கத்துச் சேவலுக்குச் சொல்லுது. இந்தப் பக்கம் கால் வெச்சா கண்ணைக் கொத்திருவேன்னு. நடுவுல நீங்க படுத்திருந்தீங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு, அதில் தன்னைப் பற்றி ஏதோ இருக்கிறது என்று பட்டது.

அன்றைக்குச் சாயந்திரமே இரண்டு சேவல்கள் கட்டிப் புரண்டன. அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செவலைச் சேவலின் பக்கம் நின்று கத்தினார். செவலை ஜெயித்தது.

"யாரு செயிச்சா?" என்று உள்ளேயிருந்து பாவாயி கேட்டாள்.

"நாமதானுங்!" என்று சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாளை மூலையில் ஒரு கூடையில் பொட்டைக்கோழி ஒன்று தினம் முட்டையிட்டுவந்தது. ஊர் வழக்கப்படி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுக்கப் போனார். அந்தக் கூடையைத் தொட வேண்டாம் என்றாள் பாவாயி. ஏற்கெனவே ஆறு இருந்தது. ஐந்தாவது நாள் பத்து ஆயிற்று. கோழி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் சீறியது. அடுத்த நாள் முட்டை இல்லை.

"போடறதை நிறுத்திருச்சுங்."

"அதுக்குப் போதும்னு ஆயிருச்சு, உக்காந்துருச்சு. நாம தெனமும் எடுத்துட்டே இருந்தா அதுக்குப் போதும்னு ஆகறதே இல்ல. போட்டுட்டே இருக்கும். மனுசனுக்குப் போடுதுன்னு நாம சொல்லிக்குவோம்."

அங்கமுத்து கூடையைப் பார்த்தபடி நின்றார். அவர் வீட்டில் அம்மா காலத்திலிருந்து அந்த ஒற்றை முட்டையை விட்டுவைக்கிறார்கள். இரக்கத்தில் விட்டுவைப்பதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

வேலமரத்தடியில் வெள்ளைக் கோழிகள் பதினொன்று இருந்தன. மற்ற கோழிகளோடு சேராமல் தனியாக நிற்கும். கொண்டை வெளுத்து, அலகு மொட்டையாய் இருக்கும்.

"இது என்ன சாதிங் அம்மணி?"

"பண்ணையில முட்டை தீந்துபோச்சுன்னு கழிச்சது. கூண்டுல இருந்து எடுத்து மண்ணுல உட்டேன். மூணு நாளு ஒரு மொழம் நகரல. கூண்டு எவ்வளவு அகலமோ அதுக்குள்ளயே நின்னுச்சு."

அங்கமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. குந்த வைத்து உட்கார்ந்து அவற்றின் அலகைப் பார்த்தார்.

"அங்கெல்லாம் அறுக்கறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சுக் கேக்க மாட்டாங்களா?"

"இல்லீங்கண்ணா. ஆதியில இருந்து மனுசன் கேட்டுட்டு வந்தானோ என்னமோ, அங்க வந்து கேக்கறதும் நின்னுபோச்சு."

"நாங்க கேக்கறோம்" என்றார் அவர். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

"ஆமா, கேக்கறீங்க. அங்க கேக்கறதும் இல்ல, கிள்ளறதும் இல்ல."

மிதப்பு வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் நல்லதுக்குத்தானே பண்ணினேன், அந்தப் பொம்பளையைக் கூட்டத்திலிருந்து காப்பாற்றத்தானே பண்ணினேன் என்று வேலமரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மரம் என்ன சொல்லும்?

ஏழாவது நாள் காலையில் சுனையில் குந்தி வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். மாசி மாதத்துப் பனி. சட்டை போடாத முதுகு. பின்னாலிருந்து பாவாயி வந்து ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவர் முதுகில் கவிழ்த்தாள். உடம்பு தூக்கிப்போட்டது. தலை, தோள், கை எல்லாம் உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஐயோ! என்ன அம்மணி இது!"

"துளுக்குக் குடுத்துட்டீங்க."

"குளுந்துச்சுங்!"

"உத்தரவாயிருச்சு."

"எதுக்கு உத்தரவு?"

"அதை நான் இன்னும் முடிவு பண்ணல."

அங்கமுத்து சொட்டச் சொட்ட நின்றார். முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை. சுனைக்கரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருடத்துச் சேவல்களும் வரிசையாக வந்து அவர் முன்னால் உதறிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அதுவரை அவளை அம்மணி என்று அழைத்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் முதல் தடவையாக அம்மா என்றார்.

"அம்மா, அப்ப துளுக்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்லீங்களா? எல்லாம் வெறும் குளுருதானுங்களா?"

அவள் குடத்தை மறுபடி சுனையில் முக்கினாள்.

"அப்படீன்னா துளுக்காம நிக்கறதுக்கும் அர்த்தமில்லதானுங்களே? மருதாயி மேல குத்தமில்ல, என்ற மேலயும் குத்தமில்ல!" அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சும்மா நிக்குது. நின்னுட்டுப் போவுது."

"திரும்பி உக்காருங்கண்ணா. இப்பவும் ஊத்தறேன். உதறாம இருங்க பாக்கலாம்."

ஊற்றினாள். அங்கமுத்து பல்லைக் கடித்தார். கால்விரலை மண்ணில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் முதுகுத்தண்டில் இறங்கி ஓடி முடிகிறவரை அசையாமல் இருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. ஆனா லேசுப்பட்ட காரியமில்ல. ஒடம்பு பூராத்தையும் புடிச்சு நிறுத்தோணும்."

பாவாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் வந்த வெளிச்சம் அங்கமுத்துவின் முகத்தை விட்டுப் போய்விட்டது.

நோம்பி அன்றைக்கு அவர் ஊரில் இருந்தார். குளித்து, பட்டை போட்டு, கொடுவாளைச் சாமி காலடியில் வைத்து எடுத்தார். கூட்டம் போன வருடத்தை விட அதிகம். மருதாயி இந்தத் தடவை ஒரு கருஞ்சேவலைக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாலம் கூடின மகளும் புதுச்சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அங்கமுத்து தண்ணீர் தெளித்தார். சேவல் நின்றது.

இன்னொரு தடவை தெளித்தார். நின்றது. செம்பு காலியானது. வேறொரு செம்பு வந்தது. அதுவும் காலியானது.

"இவளுக்கு மட்டும் ஏன் வருசா வருசம் இப்படி ஆவுது?" என்றது ஒரு குரல். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற வந்திருக்கறாங்க" என்றது இன்னொன்று. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார்.

"என்ன பூசாரி, குனிஞ்சு நல்லாப் பாருங்க."

குனிந்து பார்த்தார். கட்டைவிரல் தானாகவே மடங்கி வந்தது. ஒரு தடவை பழகின கைக்கு யோசனை எதற்கு? அந்த நேரத்தில் அவர் சேவலின் காலைப் பார்த்தார். நகங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. கழுத்து இறகில் தண்ணீர் சொட்டியது. கண் மட்டும் அவர் மேல் இருந்தது. அவருக்குத் தன் முதுகில் சில்லென்று ஓடியது.

அவர் நிமிர்ந்தார்.

"மருதாயி வீட்டுல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் சத்தமாக. "சாமிக்கும் கோவமில்ல."

"அப்பறம் எதுக்கு நிக்குது?"

"அதுக்குச் சாக இஷ்டமில்லீங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் சேரவில்லை. ஊர்க்கவுண்டர் முகம் கறுத்துப்போயிற்று.

"என்ன பேச்சு பேசறீங்க பூசாரி?"

"நாம கேட்டது இந்தச் சேவலுகிட்டத்தானுங்களே. இது பதில் சொல்லிட்டு நிக்குது. நீங்க எல்லாரும் மருதாயி மூஞ்சியப் பாத்தா எப்படி?"

அதற்கு மேல் அங்கே நியாயம் பேச இடமில்லை. நோம்பி அன்றைக்குச் சன்னதியில் நின்று வாயில் வந்ததைப் பேசுகிறவனை எந்த ஊர்தான் வைத்துக்கொள்ளும்? கொடுவாளை அவர் கையிலிருந்து வாங்கிப் பங்காளி ஒருவனிடம் கொடுத்தார்கள். இந்தக் களேபரத்தில் மருதாயி சேவலைத் தூக்கினாள். முந்தானையால் அதன் முதுகைத் துடைத்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்ற சேவல்கள் எல்லாம் தண்ணீர் பட்டதும் ஒழுங்காகத் துளுக்கின. பங்காளி வெட்டினான். அந்த வருடம் கறிக்குழம்பு நன்றாக அமைந்தது என்றே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அங்கமுத்து கரட்டுக்கு வந்தார். பாவாயி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

"கொடுவாள் போச்சுங்கம்மா. பாட்டன் காலத்துல இருந்து எங்க கையில இருந்தது."

"ம்."

"மருதாயி மகளுக்குக் கண்ணாலம் நிக்கல. மாப்பிள்ளை வீட்டுல பெரியவரு ஒருத்தரு, சேவலுக்கு இஷ்டமில்லைன்னா நமக்கென்னன்னு சொல்லிட்டாராம்."

"நல்லது."

"ஆனா அடுத்த வருசம் வேற ஒரு சேவலு நிக்கும். பங்காளி கிள்ளுவான். அவனுக்கும் நாந்தான் சின்ன வயசுல கொடுவாள் புடிக்கச் சொல்லிக்குடுத்தேன்."

"கிள்ளுவாரு."

அங்கமுத்து கீழே சிந்தின ஒரு கம்பு மணியை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு கேட்டார்.

"இந்தச் சேவலு பொழச்சுருச்சும்மா. போன வருசத்துச் சேவலு? பொய்யா புண்ணியமான்னு மொத நாளே கேட்டேன். நீங்க இன்னும் சொல்லலீங்களே."

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"மருதாயிக்கு அது புண்ணியமா இருந்திருக்கலாம்."

"சேவலுக்கு?"

"அது மாட்டேன்னு சொல்லுச்சுங்கண்ணா. அத்தனை பெரிய கூட்டத்துல ஒருத்தருக்கும் அது காதுல உழுகல. உங்களுக்கு மட்டுந்தான் உழுந்துச்சு. உழுந்ததனாலதான் கிள்ளுனீங்க."

அங்கமுத்து கீழே இருந்த முறத்தை எடுத்து, அவள் விட்ட இடத்திலிருந்து கம்பைப் புடைக்க ஆரம்பித்தார்.